‘ஐல் டேக் யூ தேர்’: பக்திப் பாட்டா, காதல் பாட்டா?

கேள்வி இதுதான்: யூடியூப் தானாகப் போட்ட வரிசையில் ஸ்டேபிள் சிங்கர்ஸ் என்ற அமெரிக்கக் குடும்பக் குழு பாடிய ‘ஐல் டேக் யூ தேர்’ என்ற 1972ஆம் வருடத்துப் பாட்டு வந்தது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் எங்கே ஆரம்பிக்கிறது, எங்கே முடிகிறது என்று தெரியவில்லை, நாலைந்து வரிக்கு மேல் வார்த்தையும் இல்லை. இது பக்திப் பாட்டா, காதல் பாட்டா? ஏன் இதை இவ்வளவு கொண்டாடுகிறார்கள்? எப்படிக் கேட்டால் பிடிபடும், இதற்கு அடுத்து என்ன கேட்கலாம்?

நேரான பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். இது தேவாலயத்துப் பாட்டுதான். ஆனால் அந்தத் தேவாலயங்களில் ஒரு பாட்டு கடைசியில் எங்கே போய்ச் சேருமோ, அந்தக் கடைசிப் பகுதியை மட்டும் பிய்த்தெடுத்து முழுப் பாட்டாக ஆக்கியிருக்கிறார்கள். ஆரம்பமும் முடிவும் உங்களுக்குத் தட்டுப்படாததற்குக் காரணம் அதுதான்.

அமெரிக்கக் கறுப்பின மக்களின் பாப்டிஸ்ட், பெந்தெகொஸ்தே சபைகளில் ஒரு பாட்டு எப்படி நடக்கும் என்று தெரிந்தால் மீதி விளங்கிவிடும். முதலில் சரணமும் பல்லவியும் எழுதியபடி வரும். அதைப் பாடி முடித்தபிறகுதான் விஷயமே தொடங்கும். பாடகர் குழு ஒரே ஒரு சின்ன வரியைப் பிடித்துக்கொண்டு திரும்பத் திரும்பச் சொல்லும். ஆர்கனும் ட்ரம்ஸும் இரண்டு கார்டுக்குள்ளேயே (கார்டு என்றால் சேர்த்து ஒலிக்கும் சுரக்கூட்டு) சுற்றிக்கொண்டிருக்கும். தலைமைப் பாடகர் எழுதிய வார்த்தையை எல்லாம் விட்டுவிட்டு மனதில் வருவதைச் சொல்வார், கூப்பிடுவார், கேட்பார், முனகுவார். சபை பதில் சொல்லும். வில்லுப்பாட்டில் பக்கப்பாட்டுக்காரர் போடும் ‘ஆமா’ எப்படிக் கதையை முன்னே தள்ளுகிறதோ அப்படித்தான் இங்கேயும். இந்தப் பகுதிக்கு வாத்தியக்காரர்கள் ‘வேம்ப்’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். இவ்வளவு நேரம் என்று கணக்கு எதுவும் கிடையாது. ஜனங்கள் எழுந்து நிற்கும்வரை போகும், சில சமயம் அவர்கள் உட்காரும்வரை போகும்.

இப்போது அந்தப் பாட்டுக்கு வாருங்கள். குழுவின் தலைமைப் பாடகி மேவிஸ் ஸ்டேபிள்ஸ் ஒரு ‘ம்ம்’ போட்டுவிட்டு எனக்கு ஓர் இடம் தெரியும் என்கிறார். அங்கே யாரும் அழுவதில்லை, யாரும் கவலைப்படுவதில்லை, சிரித்த முகத்தோடு இனத்துக்கு இனம் பொய் சொல்லுபவர்கள் இல்லை என்கிறார். அவ்வளவுதான், எழுதிய வரிகள் தீர்ந்துவிட்டன. சரணம் கிடையாது, நடுவில் வேறு மெட்டுக்குப் போவது கிடையாது. சி கார்டும் எஃப் கார்டும் மாறி மாறி வந்துகொண்டே இருக்கின்றன. ஆல்பத்தில் நாலரை நிமிடத்தை ஒட்டி ஓடும் பாட்டில் மிச்சமெல்லாம் வேம்ப்தான். ‘நான் உன்னை அங்கே கூட்டிப்போகிறேன்’ என்ற ஒற்றை வரியைக் குடும்பம் பின்னாலிருந்து சொல்லிக்கொண்டே இருக்கிறது. மேவிஸ் அதன் மேல் ஏறி நின்று கூப்பிடுகிறார்.

அந்தக் கூப்பிடுதலைக் கவனியுங்கள். ‘ஹெல்ப் மீ’ என்று அடிக்கடி சொல்வார். காதல் பாட்டு என்று நினைத்துக் கேட்டால் இந்த ‘உதவி’ எதற்கு என்று புரியாது. சபையில் உட்கார்ந்து பழகியவர்களுக்கு அது தினம் கேட்கும் குரல். பிரசங்கியார் சூடு பிடிக்கும்போது ஜனங்களைப் பார்த்து எனக்குத் தோள் கொடுங்கள், நான் மட்டும் இதைத் தூக்க முடியாது என்று கேட்பார். நடுவில் ‘மெர்சி’ என்று ஒரு கத்தல், ‘லார்ட்’ என்று ஒரு கத்தல். பாட்டில் இயேசு என்ற பெயர் ஓர் இடத்திலும் வராது. சபைக்காரர்களுக்குப் பெயரைச் சொல்ல வேண்டிய தேவையும் இல்லை.

எப்படிக் கேட்பது என்பதற்கு என் முதல் யோசனை ரொம்பச் சாதாரணமானது: போன் ஸ்பீக்கரில் கேட்காதீர்கள். இந்தப் பாட்டின் முதுகெலும்பு தாழ்ந்த சுரங்களை வாசிக்கும் பேஸ் கிட்டார். பேஸ் கிட்டாரின் கீழ்த்தந்தி 41 ஹெர்ட்ஸ் பக்கத்தில் அதிரும். போனில் இருக்கும் சின்ன ஸ்பீக்கரால் அவ்வளவு தாழ்ந்த ஒலியை ஒழுங்காகக் கொடுக்க முடியாது. அப்படிக் கேட்டால் ஒரு பெண் ஏதோ கத்திக்கொண்டிருக்கிறார், பின்னால் கிட்டார் சிணுங்குகிறது என்றுதான் தோன்றும். சுமாரான ஹெட்ஃபோன் போதும். காரில் கேட்டால் இன்னும் நல்லது.

முதல் தடவை மேவிஸை மறந்துவிட்டு பேஸை மட்டும் பின்தொடருங்கள். வாசிப்பவர் டேவிட் ஹூட். ஒரே வாக்கியத்தைத் திரும்பத் திரும்ப வாசிக்கிறார், ஆனால் ஒவ்வொரு சுற்றிலும் எங்கே ஒரு சுரத்தை நிறுத்துகிறார், எங்கே கொஞ்சம் தாமதிக்கிறார் என்பதில் சின்னச் சின்ன வித்தியாசம் உண்டு. இரண்டாவது தடவை ட்ரம்ஸ். ராஜர் ஹாக்கின்ஸ் எதையும் அலங்காரமாக வாசிப்பதில்லை, அது அவர் சுபாவம். வாசிக்காமல் விட்ட இடங்களில்தான் பாட்டு மூச்சு விடுகிறது. மூன்றாவது தடவை மேவிஸுக்குத் திரும்பி வாருங்கள். அப்போது அவர் பாடுவது பேஸுக்குப் பதில் சொல்வதுபோல இருப்பது தெரியும். பேஸ் விட்ட இடைவெளியில் ஓர் ‘ஆ’ போடுகிறார். அடுத்த இடைவெளியில் சும்மா இருக்கிறார். அந்தச் சும்மா இருத்தலை ரசிக்க ஆரம்பித்துவிட்டால் பாட்டு உங்கள் கைக்கு வந்துவிட்டது என்று அர்த்தம்.

பாட்டின் நடுவில் மேவிஸ் வாத்தியக்காரர்களை ஒவ்வொருவராகக் கூப்பிடுவார். பியானோவை வாசி என்கிறார், பாரி பெக்கெட்டின் எலெக்ட்ரிக் பியானோ முன்னே வருகிறது. ‘டாடி, டாடி’ என்கிறார், கிட்டார் வருகிறது. அப்புறம் ‘லிட்டில் டேவிட்’ என்று பேஸ்காரரைக் கூப்பிட்டு அவருக்கும் ஒரு முறை கொடுக்கிறார். பாப் பாட்டில் பேஸ் தனியாக வாசிக்க இடம் கிடைப்பதே அரிது, அதுவும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு! இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. ‘டாடி’ என்று அவர் கூப்பிடுவது தன் அப்பா பாப்ஸ் ஸ்டேபிள்ஸை. அந்தக் குழுவின் அடையாளமே பாப்ஸின் நடுங்கும் கிட்டார் ஒலிதான். ஆனால் ரெக்கார்டில் அந்த இடத்தில் கேட்கும் கிட்டார் எடி ஹின்டன் என்ற அலபாமா வாத்தியக்காரருடையது. மகள் அப்பாவைக் கூப்பிட, பதில் வேறொருவர் விரலிலிருந்து வருகிறது. கேட்கிறவர்கள் பெரும்பாலும் அது பாப்ஸ் என்றே நினைத்துக்கொள்கிறார்கள். மேவிஸ் கூப்பிடும் தோரணை அப்படி.

பாட்டு கடைசியில் முடிவதில்லை, ஒலி குறைந்து குறைந்து மறைகிறது. அந்தக் காலத்தில் நிறைய சிங்கிள்கள் (தனிப் பாட்டாக வெளியிடும் ரெக்கார்டுகள்) அப்படித்தான் மறையும் என்றாலும் இந்தப் பாட்டுக்கு அதைத் தவிர வேறு வழியே இல்லை. வேம்ப்புக்கு எழுதிவைத்த முடிவு கிடையாது. சபையில் ஜனங்கள் முடிவு செய்வார்கள், இங்கே மெம்ஃபிஸின் ஆர்டென்ட் ஸ்டுடியோவில் மிக்ஸிங் செய்த டெர்ரி மானிங்கின் கை முடிவு செய்தது.

இதை எழுதியவர் அல் பெல். ஆர்கன்சாஸ் மாநிலத்துக்காரர், முழுப்பெயர் அல்வெர்டிஸ் இஸ்பெல், ரெக்கார்டில் எழுதியவர் பெயராக இருப்பதும் அதுதான். வானொலியில் டிஸ்க் ஜாக்கியாக இருந்து, 1965இல் மெம்ஃபிஸின் ஸ்டாக்ஸ் என்ற ரெக்கார்டு கம்பெனிக்கு விற்பனையைப் பார்த்துக்கொள்ள வந்து, பிறகு அதன் முதலாளிகளில் ஒருவராகவே ஆனவர். ஸ்டேபிள் சிங்கர்ஸ் 1968இல் ஸ்டாக்ஸுக்கு வந்தார்கள். முதல் இரண்டு ஆல்பங்கள் பெரிதாகப் போகவில்லை. அப்புறம் தயாரிப்பை அல் பெல் தன் கையில் எடுத்துக்கொண்டார்.

அல் பெல்லின் தம்பி சுட்டுக் கொல்லப்பட்டார். ஆர்கன்சாஸின் லிட்டில் ராக்கில் அடக்கம் முடிந்து எல்லோரும் வீடு திரும்பியபிறகு, அப்பா வீட்டின் பின்புறத்தில் நின்றிருந்த ஒரு பழைய பள்ளிப் பேருந்தின் முன்மூடியில் போய் உட்கார்ந்திருக்கிறார். அங்கேதான் இந்த வரிகள் வந்தன என்று பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். யாரும் அழாத, யாரும் கவலைப்படாத இடம் என்ற அந்த வரிகளை இதைத் தெரிந்துகொண்டு கேட்டுப் பாருங்கள். பிறகு இன்னும் சரணங்கள் எழுத முயன்றும் எதுவும் ஒட்டவில்லை, சொல்ல வேண்டியது அதிலேயே முடிந்துவிட்டது என்பதும் அவர் சொன்னதே. பாட்டில் வரிகள் குறைவாக இருப்பது உங்களுக்குக் குறையாகப் பட்டது இல்லையா? அந்தக் குறை இப்படித்தான் வந்தது. வேறு யாராவது தயாரிப்பாளராக இருந்திருந்தால் ஒரு பாடலாசிரியரைக் கூப்பிட்டு இரண்டு சரணம் ஒட்டச் சொல்லியிருப்பார். எழுதியவரும் தயாரிப்பாளரும் ஒரே ஆளாக இருந்ததால் பாட்டு தப்பித்தது.

மெட்டு விஷயத்தில் மட்டும் அவர் சொல்வதை நான் அப்படியே எடுத்துக்கொள்ள மாட்டேன். பேஸும் தாளமும் தனக்குள்ளிருந்து வந்தன என்பது அவர் கதை. ஹாரி ஜே ஆல்ஸ்டார்ஸ் என்ற ஜமைக்கா குழுவின் ‘லிக்விடேட்டர்’ என்ற 1969ஆம் வருடத்து வாத்திய இசையை எடுத்துப் போட்டுக் கேளுங்கள். தொடக்கத்தில் வரும் பேஸும் தாளமும் அப்படியே இதுதான். தற்செயல் என்று சொல்ல இடமே இல்லை. லிக்விடேட்டர் ஒன்றும் யாருக்கும் தெரியாத மூலையில் கிடந்த ரெக்கார்டு அல்ல. இங்கிலாந்தில் முதல் பத்துக்குள் வந்தது. செல்சி, வெஸ்ட் பிராம்விச் ஆல்பியன் மாதிரியான கால்பந்து அணிகளின் மைதானங்களில் பல வருடம் போட்டார்கள், ரசிகர்கள் அதற்குக் கைதட்டுவார்கள்.

இதைத் திருட்டு என்று சொல்லிவிட்டுப் போகலாம், ஆனால் கதை கொஞ்சம் சுற்றிக்கொண்டு வருகிறது. லிக்விடேட்டரே டோனி ஸ்காட் என்பவர் பாடிய வேறொரு பாட்டின் பின்னணி இசைதான். ஹாரி ஜான்சன் அதை எடுத்து, வின்ஸ்டன் ரைட்டின் ஆர்கனை மேலே வைத்து வெளியிட்டார். ஒரே தாளத்தடத்தின் மேல் பத்துப் பேர் பத்துப் பாட்டுப் போடுவது ஜமைக்காவில் வழக்கம், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். அந்த ஜமைக்கா இசையே அமெரிக்க வானொலியில் வந்த ரிதம் அண்ட் ப்ளூஸைக் கேட்டு வளர்ந்தது. ஜமைக்காப் பாடகர் பாப் மார்லியின் ‘ஒன் லவ்’ பாட்டுக்குள் சிகாகோ பாடகர் கர்டிஸ் மேஃபீல்டின் ‘பீப்பிள் கெட் ரெடி’ இருக்கிறது, அதுவும் சிகாகோ சபை இசையில் வேர் உள்ள பாட்டு. போக்கும் வரத்துமாக இருந்த கடல் அது. இருந்தாலும் என் கருத்தைக் கேட்டால், ஹாரி ஜான்சன் பெயரும் எழுதியவர் வரிசையில் வந்திருக்க வேண்டும். முதல் இடத்துக்குப் போன பாட்டின் பங்குப்பணம் சின்ன விஷயம் அல்ல.

வாசித்தவர்கள் விஷயத்துக்கு வருவோம். அலபாமா மாநிலத்தின் வடக்கு ஓரத்தில் ஷெஃபீல்ட் என்ற சின்ன ஊர். அங்கே 3614 ஜாக்சன் ஹைவே என்ற முகவரியில், சாலையோரத்தில், பெட்டிபோன்ற ஒரு கட்டிடம். மஸில் ஷோல்ஸ் சவுண்ட் ஸ்டுடியோ அதுதான். டேவிட் ஹூட், ராஜர் ஹாக்கின்ஸ், பாரி பெக்கெட், கிட்டார் வாசித்த ஜிம்மி ஜான்சன் ஆகிய நாலு பேர் பக்கத்து ஊரின் ஃபேம் ஸ்டுடியோவை விட்டு விலகி 1969இல் சொந்தமாகத் தொடங்கியது. நாலு பேரும் வெள்ளைக்காரர்கள். எடி ஹின்டனும் வெள்ளைக்காரர்.

1972இன் தொடக்கத்தில் அலபாமாவின் கவர்னர் ஜார்ஜ் வாலஸ். ‘இன்றும் நாளையும் என்றென்றும் இனப் பிரிவினை’ என்று 1963இல் பதவியேற்பில் பேசியவர். அவர் ஆண்ட மாநிலத்தில், சிகாகோவின் கறுப்பினச் சபைக் குடும்பம் ஒன்று வெள்ளைக்கார வாத்தியக்காரர்களோடு உட்கார்ந்து, ஜமைக்கா தாளத்தில், சிரித்த முகத்தோடு இனத்துக்கு இனம் பொய் சொல்லாத இடம் ஒன்று உண்டு என்று பாடியது. பாடியவர்கள் இதைப் பற்றி மேடை போட்டுப் பேசவில்லை. மேவிஸ் ‘லிட்டில் டேவிட்’ என்று செல்லமாகக் கூப்பிட்டார், அவ்வளவுதான்.

அமெரிக்கப் பாடகர் பால் சைமன் இந்தப் பாட்டைக் கேட்டுவிட்டு, இதில் வாசித்த கறுப்பின வாத்தியக்காரர்கள் எனக்கு வேண்டும் என்று விசாரித்ததாகவும், அவர்கள் ரொம்ப வெளுப்பாக இருப்பார்களே என்று பதில் வந்ததாகவும் ஒரு கதை இசைக்காரர்கள் நடுவே உலவுகிறது. கதையில் எவ்வளவு மெருகோ, அவர் மஸில் ஷோல்ஸுக்குப் போனது நிஜம். 1973இல் வந்த ‘கோடாக்ரோம்’ அங்கே பதிவானதுதான்.

குடும்பத்தைப் பற்றிச் சொல்லாமல் இந்தப் பாட்டை விளக்க முடியாது. பாப்ஸ் என்று எல்லோரும் கூப்பிட்ட ரோபக் ஸ்டேபிள்ஸ் 1914இல் மிசிசிப்பியில் பிறந்தவர். டாக்கரி பருத்திப் பண்ணையில் வளர்ந்தார். ப்ளூஸ் இசையின் பெரிய ஆள் சார்லி பேட்டன் அந்தப் பண்ணையில்தான் வாசித்துக்கொண்டிருந்தார், பையன் அதைக் கேட்டுக் கிட்டார் பழகினான். 1930களின் நடுவில் குடும்பத்தோடு சிகாகோவுக்கு வந்து இறைச்சித் தொழிற்சாலை மாதிரியான இடங்களில் வேலை பார்த்தார். பிள்ளைகளைத் தரையில் உட்காரவைத்து ஆளுக்கொரு குரல் பிரித்துக் கொடுத்துப் பாடவைத்தார். 1948இல் தன் அண்ணன் தம்பிகளில் ஒருவர் போதகராக இருந்த சபையில் அவர்களை முதலில் பாடவிட்டார். கிளியோதா, பெர்விஸ், மேவிஸ், பின்னால் இவான். 1972இல் பெர்விஸ் குழுவில் இல்லை, நம் பாட்டில் பாடுவது அப்பாவும் மூன்று மகள்களும்.

1956இல் வந்த ‘அன்க்ளவுடி டே’ அவர்களைப் பெயர் சொல்ல வைத்தது. அந்தக் குரலைக் கேட்டவர்கள் ஆண்பிள்ளை பாடுகிறார் என்று பந்தயம் கட்டியிருக்கிறார்கள். பாடியது பதின்ம வயது மேவிஸ். மின்னசோட்டாவில் பையனாக இருந்த பாப் டிலன் ராத்திரி வானொலியில் அதைக் கேட்டுத் தூக்கம் போனதைப் பின்னாளில் சொல்லியிருக்கிறார். அந்த ரெக்கார்டில் வாத்தியம் என்று பெரிதாக எதுவுமில்லை. பாப்ஸின் கிட்டார் நீரில் கரைவதுபோல நடுங்குகிறது, குரல்கள் அதைச் சுற்றி மெதுவாக எழுகின்றன. சபைப் பாட்டுக்கு ப்ளூஸ் கிட்டாரா என்று முகம் சுளித்தவர்கள் அப்போதே உண்டு.

அலபாமாவின் மான்ட்காமெரியில் மார்ட்டின் லூதர் கிங்கின் பிரசங்கத்தைக் கேட்டுவிட்டு வந்து, அவர் பிரசங்கிக்கிறதை நாம் பாடலாம் என்று பாப்ஸ் பிள்ளைகளிடம் சொன்னார். அதன்பிறகு குழுவின் பாட்டுகள் மாறின. லிட்டில் ராக்கில் பள்ளிக்கூடத்துக்குள் விடாமல் தடுக்கப்பட்ட ஒன்பது கறுப்பின மாணவர்களைப் பார்த்து பாப்ஸ் எழுதிய ‘ஒய்? ஆம் ஐ ட்ரீட்டட் ஸோ பேட்’ கிங்குக்கு ரொம்பப் பிடித்த பாட்டு. கறுப்பின மக்களின் வாக்குரிமைக்காக செல்மாவிலிருந்து மான்ட்காமெரிக்கு நடந்த 1965ஆம் வருட நடைப்பயணத்துக்காக ‘ஃப்ரீடம் ஹைவே’ வந்தது.

இதனால் உங்கள் முதல் கேள்விக்கு இன்னொரு பதிலும் கிடைக்கிறது. சபையிலிருந்து வெளியே வந்த பாடகர்கள் வழக்கமாகச் செய்தது ஒன்று. ரே சார்ல்ஸ் 1954இல் ‘ஐ காட் எ வுமன்’ பாடியபோது சபை மெட்டில் கடவுள் இருந்த இடத்தில் ஒரு பெண்ணை வைத்தார். சாம் குக் 1957இல் சோல் ஸ்டிரர்ஸ் என்ற சபைக் குழுவை விட்டுவிட்டுக் காதல் பாட்டுக்குப் போனார். சோல் என்கிற இசைவகை இப்படித்தான் பிறந்தது என்று பாதிக் கதையைச் சொல்லிவிடலாம். ஸ்டேபிள்ஸ் கடவுள் இருந்த இடத்தில் யாரையும் கொண்டுவந்து வைக்கவில்லை. அந்த இடத்தைக் காலியாக விட்டுவிட்டு வாசலை மட்டும் பெரிதாகத் திறந்தார்கள். அந்த ‘அங்கே’ என்பதை நீங்கள் பரலோகம் என்று எடுத்துக்கொள்ளலாம், இன வேறுபாடு இல்லாத அமெரிக்கா என்று எடுத்துக்கொள்ளலாம். நடன அரங்கு என்றே எடுத்துக்கொண்டவர்களும் நிறைய.

சபைக்காரர்கள் சிலர் அப்படித்தான் எடுத்துக்கொண்டார்கள். ஆட்டம் போடவைக்கிற சாத்தானின் இசை என்று திட்டினார்கள், சில சபைக் கதவுகள் மூடப்பட்டன. மேவிஸுக்கு அது ரொம்பக் காலம் உறுத்தியது. பரலோகத்துக்கு அல்லாமல் வேறு எங்கே கூட்டிப்போகிறோம் என்று பேட்டிகளில் கேட்டிருக்கிறார். நான் மேவிஸ் பக்கம்தான். ஆனால் திட்டியவர்களையும் முட்டாள்கள் என்று தள்ளிவிட மாட்டேன். வேம்ப்பின் சக்தி என்னவென்று நன்றாகத் தெரிந்தவர்கள் அவர்கள். அதைச் சபைக்கு வெளியே, யாரும் காசு போட்டு ஓட்டக்கூடிய ஜூக்பாக்ஸில் கொண்டுபோய் வைத்ததுதான் அவர்களைப் பதறவைத்தது.

பாட்டு 1972 ஜூன் 3ஆம் தேதி அமெரிக்காவின் பாட்டுத் தரவரிசையான பில்போர்டு ஹாட் 100 பட்டியலில் முதலிடம் வந்தது. அதே வருடம் ஆகஸ்ட் 20 அன்று லாஸ் ஏஞ்சல்ஸ் கொலீசியத்தில் ஸ்டாக்ஸ் நடத்திய வாட்ஸ்டாக்ஸ் நிகழ்ச்சியில், அந்த நகரின் கறுப்பின மக்கள் வாழ்ந்த வாட்ஸ் பகுதியில் கலவரம் நடந்து ஏழு வருடம் கழித்து, ஒரு டாலர் டிக்கெட்டில் வந்த லட்சம் பேருக்கு முன்னால் அதைப் பாடினார்கள். ஸ்டாக்ஸ் கம்பெனி 1975 கடைசியில் திவாலானது, அது தனிக்கதை. அதே வருடம் கர்டிஸ் மேஃபீல்டின் கம்பெனியில் ‘லெட்ஸ் டூ இட் எகைன்’ பாடி மறுபடியும் முதலிடத்துக்கு வந்தார்கள். அது முழுக்கப் படுக்கையறைப் பாட்டு. பாப்ஸ் நான் சபைக்காரன், இதைப் பாட மாட்டேன் என்று முரண்டு பிடித்தார். மேஃபீல்ட் கெஞ்சிக் கூத்தாடிச் சம்மதிக்கவைத்தார். அதைக் கேட்டுவிட்டு நம் பாட்டுக்குத் திரும்பி வந்தால் எது பக்தி, எது காதல் என்ற வித்தியாசம் காதுக்கே தெரிந்துவிடும்.

அப்புறம் என்ன கேட்பது? ‘பீ ஆல்டிட்யூட்: ரெஸ்பெக்ட் யுவர்செல்ஃப்’ என்ற 1972ஆம் வருட ஆல்பத்தை முதலில் முழுசாகக் கேளுங்கள். நம் பாட்டின் நீளமான வடிவம் அதில் இருக்கிறது. சிங்கிளாக வந்தது ஒரு நிமிடத்துக்கு மேல் வெட்டிய வடிவம், வெட்டுப்பட்டதெல்லாம் வேம்ப் என்பதால் அதைக் கேட்டு உங்களுக்கு லாபமில்லை. தேடும்போது கவனமாக இருங்கள். இந்தப் பாட்டை ஏகப்பட்ட பேர் திரும்பப் பாடியிருக்கிறார்கள். 1991இல் பீபி, சீசீ வைனன்ஸ் இருவரும் பாடியதில் மேவிஸே வந்து சேர்ந்துகொள்கிறார், அது மட்டும் ஒரு தடவை கேட்கலாம். அதே வருடத்து சால்ட்-என்-பெப்பாவின் ‘லெட்ஸ் டாக் அபவுட் செக்ஸ்’ பாட்டிலும் இதன் துண்டு இருக்கிறது. திட்டிய போதகர்கள் அதைக் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார்களோ.

அந்த ஆல்பம் பிடித்தால் நேராக ‘ஃப்ரீடம் ஹைவே’ என்ற அதே பெயர் ஆல்பத்துக்குப் போங்கள். 1965இல் சிகாகோவின் நியூ நாசரேத் சபையில் ஆராதனை நடக்கும்போதே பதிவு செய்தது. வெட்டப்பட்ட பகுதிகளைச் சேர்த்து 2015இல் திரும்ப வெளியிட்டார்கள், அந்த வடிவத்தையே தேடுங்கள். பாட்டுக்கு நடுவே பாப்ஸ் பேசுவது, ஜனங்கள் பதில் சொல்வது, காணிக்கை எடுப்பது எல்லாம் அதில் இருக்கிறது. மேலே நான் வளைத்து வளைத்து விளக்கிய வேம்ப் ஒரு நிஜச் சபையில் எப்படிப் பொங்குகிறது என்பதை அங்கே கேட்கலாம்.

அதற்கப்புறம் அரீத்தா ஃப்ராங்க்ளினின் ‘அமேசிங் கிரேஸ்’. 1972 ஜனவரியில் லாஸ் ஏஞ்சல்ஸ் சபை ஒன்றில் இரண்டு ராத்திரி பதிவானது, சபை இசைக்காரர் ஜேம்ஸ் கிளீவ்லண்டும் அவருடைய பாடகர் குழுவும் கூட. பாப் உலகத்துக்குப் போன ஒருவர் சபைக்குத் திரும்பி வந்து பாடுகிறார். ஸ்டேபிள்ஸ் அதே மாதங்களில் எதிர்த் திசையில் போய்க்கொண்டிருந்தார்கள். ஆனால் அதை ஒரே மூச்சில் கேட்க வேண்டாம். ஆல்பத்தின் பெயர் கொண்ட அந்தப் பாட்டு மட்டுமே பத்து நிமிடத்துக்கு மேல், மெட்டு நகர்வதே தெரியாது. முதலில் ‘மேரி டோன்ட் யூ வீப்’ போட்டுப் பாருங்கள், பாடகர் குழு கொடுக்கும் பதில் அதில் பளிச்சென்று கேட்கும். அது பிடித்துவிட்டால் மீதியைக் கேட்கச் சொல்லி யாரும் உங்களை வற்புறுத்த வேண்டியிருக்காது.